மேலே இரண்டெழுத்து

தாம்வே சந்தைக்குப் பின்னால்
ஜப்பான் பழைய சாமான் கடையில்
ரைஸ் குக்கர்களுக்கும் சக்கரம் போன
குழந்தை வண்டிகளுக்கும் நடுவே கிடந்தது.
பதினெட்டாயிரம் சாட் என்றான்.
அம்மா பதினைந்துக்கு முடித்தாள்.
பேட்டரி மூடி இல்லை,
ரப்பர் பேண்ட் சுற்றிக் கொடுத்தான்.

போட்டால் ஒரு பையன்.
தொப்பி, தோளில் பை, பத்து வயதிருக்கும்.
யாரோ விட்டுப்போன இடத்தில்,
மலைவாசலுக்கு நாலடி முன்னால்,
எனக்கு முதுகு காட்டி நிற்கிறான்.
அவன் பெயர் நான்கு எழுத்து.
நான்கும் எனக்குத் தெரியாத எழுத்து,
ஊறிய சேமியாவை வாரி இறைத்த மாதிரி.

எனக்கோ பெயருக்குப் பஞ்சமில்லை.
வீட்டில் பவளம்.
பள்ளிப் பதிவேட்டில் நீலார்;
பர்மியத்தில் அது நீலக்கல்.
எப்படிப் பார்த்தாலும் ஒரு கல்.

அந்தத் திரையில் படிக்க முடிந்தது
எண்கள் மட்டும்.
214:37.
எந்த ஊரிலோ ஒரு பிள்ளை
இருநூற்றுப் பதினான்கு மணி நேரம்
இந்தப் பொத்தானைத் தேய்த்திருக்கிறது.

நாலு மணி நேரம் கரண்ட் வரும்,
நாலு மணி நேரம் போகும்.
வரும்போது அரிசி வேகும், மோட்டார் ஓடும்,
அண்ணன் போன் பசியாறும்,
மிஞ்சிய பிளக் எனக்கு.
போன பிறகு
கொசுவலைக்குள் அவனாக நடந்தேன்.
கடல் தாண்டினேன். குகைச்சுவரில் முட்டினேன்.
ஆறு பிராணிகள் என் பின்னால்.
முதலாவது ஓர் எருமைக்கன்று மாதிரி,
முதுகெல்லாம் பாசி, கொம்பில் ஒரு விளக்கு,
லெவல் எழுபத்தொன்று.
மற்றதெல்லாம் கம்பெனி வைத்த பெயராக இருக்கும்.
இதன் பெயருக்குப் பின்னால் மட்டும்
ஒரு நட்சத்திரம்.

ஒருநாள் ஏதோ ஊரில்,
மருந்துக்கடை போன்ற வீட்டில்,
கம்ப்யூட்டர் என்னவோ கேட்டது.
மேலே இரண்டெழுத்து, கீழே மூன்றெழுத்து.
நான் எப்போதும் மேலே அழுத்துவேன்,
சோதனைச்சாவடியில் அப்பா
கேள்வி முடியுமுன் தலையாட்டுவது போல.
இன்னொரு தடவை கேட்டது.
மேலே.
கன்று சின்னதானது.
இன்னும் சின்னதானது.
விளக்கு மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

அணைத்தேன், திரும்பப் போட்டேன்.
ஐந்துதான்.
சேமிக்கவா என்றும் கேட்டிருக்கும்.
அதற்கும் மேலேதான் அழுத்தியிருப்பேன்.

அப்புறம்தான் எண்ணினேன்:
ஆம், இரண்டெழுத்து.
இல்லை, மூன்றெழுத்து.
நம்மிடமும் அப்படித்தானே இருந்தது,
முன்னாடியே எண்ணியிருக்கலாம்.

"கேம்தானே, எல்லாத்தையும் அழிச்சிட்டு
உன் பேர்ல ஆரம்பி" என்றான் அண்ணன் திருமேனி.
முதல் கேள்வியே பெயர்தானாம்.
எந்தப் பெயரைச் சொல்ல?

இரண்டு இருட்டு நேரம் பிடித்தது
அவனை முதல் ஊருக்குத் திருப்பிக் கூட்டிவர.
மாடியில் கட்டில், டிவி.
கீழே மேஜையருகே அவன் அம்மா.
எத்தனை தடவை பேசினாலும் அதே இரண்டு வரி.
தினமும் என்ன சமைத்தேன் என்றுகூட இருக்கலாம்.
எனக்கு மட்டும்
எங்கேடா கன்று என்று கேட்டது.
ஆம் இல்லை எதுவும் வரவில்லை,
பதிலுக்கு அவள் இடமே வைக்கவில்லை.

வெளியே வந்து
ஊர் எல்லைப் புல்லில் ஒரு விட்டில் பிடித்தேன்.
லெவல் மூன்று.
மலைவாசலில் ஊதினால் விழும்.
பெயர் கேட்டு எழுத்துகளைப் பரப்பியது திரை.
கன்றின் பெயரைப் பார்த்து எழுதலாம் என்றால்
கன்றில்லை.
தேடித் தேடிக் கடைசி மூலையில்
எனக்குத் தெரிந்த ஒரே எழுத்து இருந்தது.
நட்சத்திரம். ஒன்று போதும்.

சரியா என்றது.
இரண்டு, மூன்று என்று
விரல் வைத்து எண்ணிவிட்டு
அழுத்தினேன்.